ஓமானிலிருந்து தேடி வந்த ஆமை

முகம்மது ரபீக் பிறந்தது வடகரையில். அங்கே கடல் கிடையாது. மேற்கே மலை, மலையடியில் அணை, அணையிலிருந்து இறங்கும் வாய்க்கால், அதன் இரு கரையிலும் நெல்லும் தென்னையும். கடலைப் பார்க்க ஆசைப்பட்டால் பஸ் ஏறித் திருச்செந்தூர் போகவேண்டும். அப்படிப்பட்ட ஊர்க்காரர் தன் வாழ்நாளின் நல்ல பகுதியை, கடல் ஆமை முட்டையிடுவதை வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்டிக் கழித்தார்.

ஓமானுக்கு அவர் போனது டிரைவர் வேலைக்கு. சூர் என்ற கடலோர ஊரில் ஒரு சிறிய சுற்றுலாக் கம்பெனி. இருட்டிய பிறகு பயணிகளைக் கடற்கரையில் இறக்கிவிட வேண்டும், அவர்கள் ஆமை பார்த்து முடித்ததும் திரும்ப ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒரு நாள் வழிகாட்டிக்குக் காய்ச்சல். ஆமைக்குக் காய்ச்சல் இல்லை, அது கரையேறிவிட்டது. கம்பெனி மேலாளர் சுற்றும் முற்றும் பார்த்தார். வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்த ரபீக்கிடம் சிவப்பு டார்ச்சைக் கொடுத்து, போ என்றார்.

போனவர் பல வருடம் திரும்பி ஸ்டியரிங்கைப் பிடிக்கவில்லை. அந்த வேலையில் பேச்சைவிடக் கைதான் அதிகம். கூட்டத்துக்கு முகம் காட்டிப் பின்னோக்கி நடக்கவேண்டும். இரண்டு கையையும் விரித்தால் நில். உள்ளங்கையால் காற்றை அமுக்கினால் உட்கார். உதட்டில் விரல் வைத்தால் மூச்சுகூட மெதுவாக விடு. பேராமை குழி தோண்டும்போது கிட்டே போகக்கூடாது. முட்டையிடத் தொடங்கிவிட்டால் பின்பக்கமாக நெருங்கிப் பார்க்கலாம். அப்போது அது யாரையும் பொருட்படுத்தாது. இதையெல்லாம் அரபியும் ஆங்கிலமும் மலையாளமும் கலந்த ஒரு பாஷையில், கிசுகிசுக் குரலில் அவர் சொல்லுவார்.

ஒரு முறை ஒரு ஜெர்மன் அம்மாள் ஆமையின் கண்ணில் நீர் வழிவதைப் பார்த்துவிட்டுப் பிரசவ வேதனை என்று தானும் அழுதார். அது வேதனை இல்லை, உடம்பில் சேரும் உப்பை ஆமை கண் வழியாக வெளியேற்றுகிறது என்று ரபீக் விளக்கினார். அந்த அம்மாள் முன்னைவிடச் சத்தமாக அழுதார். விஷயத்தை எடுத்துச் சொன்னால் மனிதர்கள் தெளிந்துவிடுவார்கள் என்று அதுவரை ரபீக் நம்பினார். அதற்குப் பிறகும் நம்பினார். அவருக்கு வந்த கஷ்டமெல்லாம் இந்த நம்பிக்கையால் வந்ததுதான்.

அந்த நாட்டுக்காரர்களுக்கே அந்த வேலை என்று முடிவானபோது ஊர் திரும்பினார். சம்பாத்தியம் தங்கைகளின் கல்யாணத்தோடு போயிருந்தது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே ஆட்டோ ஓட்டினார். மகள் அதீபா தென்காசியில் பிளஸ் டூ படித்ததால் பக்கத்தில் வாடகைக்கு வீடு தேடினார்கள். 'வீடு வாடகைக்கு' என்ற போர்டு தொங்கும். பெயரைச் சொன்னதும் வீட்டுக்காரருக்குத் தன் அக்கா மகன் மதுரையிலிருந்து குடிவரப்போவது ஞாபகம் வரும். இப்படி மதுரையிலிருந்து எத்தனை அக்கா மகன்கள் கிளம்பினார்கள் என்று பார்த்தால், அந்த ஊரே காலியாகியிருக்க வேண்டும். கடைசியில் இலஞ்சியில், வயலை ஒட்டிய தெருவில், ஆறுமுகநயினார் என்பவர் வீடு கொடுத்தார். ஒரே காம்பவுண்டு. முன்னால் அவர் வீடு, பின்னால் ரபீக் வீடு, நடுவில் ஒரு கொல்லை. ரபீக்கின் மனைவி ஹைருன் பீவி ஜன்னலோரம் தையல் மிஷினைப் போட்டாள். மூன்றே மாதத்தில் தெருவில் பாதி ஜாக்கெட் அவள் கையால் தைத்ததாகிவிட்டது. வீடு என்பது இவ்வளவு அலைந்து கிடைக்கிற பொருள் என்பதால், அதை விட்டுவிடக்கூடாது என்பதில் மூவருக்கும் ஒரே எண்ணம்.

ஐப்பசி மழையில் வாய்க்கால் நிரம்பி ஓடிய ஒரு நாள், பொழுது இருட்டுகிற நேரத்தில், கொல்லைத் தண்ணீர் வெளியே போகிற ஓட்டை வழியாக ஒரு குளத்து ஆமை உள்ளே வந்தது. கறுப்பு, ஒரு சோற்றுத் தட்டு அகலம். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஈர மண்ணைப் பின்னங்காலால் தோண்டத் தொடங்கியது. பாத்திரம் கழுவ வந்த ஹைருன் பீவியை ரபீக் இரண்டு கையையும் விரித்துத் தடுத்தார்.

"லைட்ட அணை. பின்பக்கமா வா. உக்காரு."

"ஏங்க, நான் என்ன டூரிஸ்டா?" என்றாள் அவள். ஆனாலும் உட்கார்ந்தாள்.

பக்கத்து வீட்டுச் சங்கரேஸ்வரி சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். கணவன் மனைவி இரண்டு பேரும் இருட்டில் குந்தவைத்து மண்ணைப் பார்ப்பதைக் கண்டாள். பிறகு ஆமையைக் கண்டாள். அவள் போட்ட சத்தத்தில் தெருமுனை டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்தார்கள்.

மறுநாள் காலை ஆறுமுகநயினார் வந்தார். கொல்லைக்குள் கால் வைக்காமல் விளிம்பிலேயே நின்றார்.

"வே ரபீக்கு, ஆமை வந்துட்டாமே?"

"ஆமா அண்ணாச்சி. முட்ட போட்டு மூடிட்டுப் போயிருக்கு. அந்தக் கல்லுகிட்ட மிதிச்சிராதீங்க."

"மிதிக்கவா? நான் அந்தத் திக்கே பாக்கல. காலி பண்ணும்."

"யாரு, ஆமையா?"

"நீரு."

ரபீக் சிரித்தார். ஆறுமுகநயினார் சிரிக்கவில்லை.

"ஆமை வீட்டுக்குள்ள வந்தா என்ன ஆகும்னு பச்சப்பிள்ளைக்கும் தெரியும்வே."

"வீட்டுக்குள்ள வரலயே அண்ணாச்சி, கொல்லைக்குத்தான வந்துருக்கு."

"கொல்லை வீட்டுல சேராதோ? வாடகை கொல்லைக்கும் சேத்துத்தான வாங்குதேன்? அப்பன் காலத்துலருந்து இந்தக் காம்பவுண்டுக்குள்ள ஒரு ஆமை வந்தது கிடையாது. நீரு வந்தீரு, பின்னாலயே அதுவும் வருது. நீரு ஓமான்ல என்ன வேல பாத்தீரு? ஆமை வேல. அது உம்மத் தேடித்தான் வந்திருக்கு."

இந்தக் கண்டுபிடிப்பு மத்தியானத்துக்குள் டீக்கடையில் முழு வரலாறாக வளர்ந்தது. ஆமை ஓமானில் கடலில் இறங்கியது, கன்னியாகுமரியைச் சுற்றியது, தாமிரபரணி கடலில் விழுகிற இடத்தில் ஆற்றில் ஏறியது, அங்கிருந்து சிற்றாறு, சிற்றாற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து ரபீக் வீட்டு ஓட்டை. பூகோளம் அவ்வளவும் சரி. பள்ளிக்கூடத்தில் நதிகளின் பெயர் சொல்லத் தெரியாமல் பெஞ்சு மேல் ஏறி நின்றவர்கள் எல்லாம் ஆமைக்கு வழி சொல்லும்போது ஒரு கிளை ஆற்றைக்கூடத் தவறவிடவில்லை.

ரபீக் டீக்கடைக்கே போய் விளக்கினார். கடல் ஆமைக்குக் கால் கிடையாது, துடுப்புதான். வாசல்படி ஏறாது. அது ஒரு கட்டில் அகலம் இருக்கும். இது தட்டு அகலம்.

"அவ்வளவு தூரம் நீந்தி வந்துருக்குல்லா பாய், வழியில மெலிஞ்சிருக்கும்," என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்.

அந்த வருடம் தேங்காய் விலை விழுந்ததற்கும், ஆறுமுகநயினாரின் மகனுக்கு வெளிநாட்டு விசா கிடைக்காததற்கும், அவருடைய முழங்கால் வலிக்கும் ஆமைதான் காரணம் என்று ஆனது. மூன்றும் ஆமை வருவதற்கு முன்பே நடந்தவை. தான் வருவதற்கு முன் நடந்த குற்றத்துக்குத் தண்டனை வாங்குவது ஏழைகளுக்கும் குடித்தனக்காரர்களுக்கும் பழகிப்போனது; ஆமைக்குப் புதிது.

முட்டையை எடுத்து எறிந்துவிட்டால் முடிந்தது அல்லவா என்று கேட்கத் தோன்றும். ஆறுமுகநயினாருக்கும் தோன்றியது. ஜோசியரிடம் கேட்டார். முட்டையைத் தொட்டவன் வம்சம் தழைக்காது என்றார் ஜோசியர். முட்டையைத் தொடக்கூடாது என்று ரபீக்கும் சொன்னார். இடம் மாற்றிப் புரட்டினால் உள்ளே இருக்கும் குஞ்சு செத்துவிடும் என்பது அவர் காரணம். இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான். ஜோசியர் இன்னொன்றும் சொன்னார்: குஞ்சு வெளியே வருகிற வேளையில் அந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்களோ, அவர்களை வைத்துத்தான் பலன். ஆக முட்டையைத் தொடமுடியாது. குடித்தனக்காரரைத் தொடலாம். தை பிறப்பதற்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று கெடு வைத்தார் ஆறுமுகநயினார்.

"பிள்ளைக்கு மார்ச் மாசம் பரீட்ச," என்றாள் ஹைருன் பீவி. "அதுக்கு முந்தி நான் எங்கிட்டும் வரமாட்டேன். வேணும்னா ஆமை மாதிரி தலையையும் காலையும் உள்ள இழுத்துக்கிட்டு இங்கனயே கெடப்பேன்."

"பாக்காததுனாலதான் பயப்படுதாக. காட்டினாச் சரியாயிரும்," என்றார் ரபீக்.

"வாப்பா, அங்க மண்ணு மட்டுந்தான இருக்கு?" என்றாள் அதீபா.

"அதக் காட்டுவோம்."

அப்படித்தான் இலஞ்சியில் ஆமைச் சுற்றுலா தொடங்கியது. முதல் நாள் வந்தவர்கள் சங்கரேஸ்வரியும் தெருப் பெண்கள் சிலரும். வீட்டுக்காரரின் மனைவி சுகந்தி, கணவர் டிவி முன்னால் உட்கார்ந்த நேரம் பார்த்துக் கொல்லை வழியாக வந்து சேர்ந்துகொண்டாள். ரபீக் ஓமானில் செய்ததில் ஒன்றையும் குறைக்கவில்லை. செருப்பை வெளியே விடச் சொன்னார். போனை அணைக்கச் சொன்னார். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித் தாளைக் கட்டினார். பின்னோக்கி நடந்தார், கையை விரித்தார், காற்றை அமுக்கினார். எல்லாரும் துவைக்கிற கல்லைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வளர்ந்த பெண்கள் அரை வட்டமாகக் குந்தியிருந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சிவப்பு வெளிச்சத்தில் ஈர மண்ணைப் பார்த்தார்கள். மண்ணுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று ரபீக் கிசுகிசுத்தார்.

"இவ்வளவு நேரமும் மண்ணையா பாத்தோம்?" என்று கடைசியில் கேட்டாள் சுகந்தி.

"ஆமா மதினி."

"நல்லாத்தான் இருந்துச்சு. நாளைக்கும் உண்டா?"

மறுநாளும் உண்டாயிற்று. குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை வைத்திருந்த மணிகண்டபிரபு, ரபீக்குக்குச் சிநேகிதன். கார்த்திகை பிறந்து அய்யப்ப பக்தர்கள் அருவியில் குளிக்கக் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்த சமயம். சிநேகிதனுக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு அவன் கடைக்கு மேலே ஒரு பிளக்ஸ் கட்டினான். நீலக் கடல், வெள்ளை நுரை, பிரமாண்டமான ஒரு பேராமை. கீழே 'குற்றாலத்தில் முதன்முறையாக' என்று எழுத்து.

"லே பிரபு, இது கடல் ஆமைலே. நம்ம கொல்லையில கடல் எங்க இருக்கு?"

"அண்ணே, அருவிய விளம்பரம் பண்ணுதவன் பூரா நயாகரா படத்தத்தான் போடுதான். யாராச்சும் கேக்காகளா?"

கேட்டார்கள். கறுப்பு வேட்டி கட்டிய ஒரு கூட்டம் வேனில் வந்து இறங்கியது. கொல்லையைச் சுற்றிப் பார்த்தது.

"சாமி, கடல் எங்க சாமி?"

"கடல் இல்ல சாமி. இது குளத்து ஆமை."

"போர்டுல அலை இருந்துச்சே சாமி?"

"அது ஓமான் சாமி."

"சரி, ஆமையாவது எங்க சாமி?"

"அது முட்ட போட்டுட்டுப் போயிட்டு சாமி."

"முட்ட?"

"மண்ணுக்குள்ள சாமி."

கோபித்துக்கொண்டு போவார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஒருவரும் போகவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் முன்னால் பயபக்தியோடு உட்கார நம் ஜனங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரபீக் சொன்ன அறிவியலையும் அவர்கள் மந்திரம் கேட்கிற முகத்தோடுதான் கேட்டார்கள்.

ஒரு நாள் அவர் கடல் ஆமையைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லிவிட்டார். முட்டை புதைந்திருக்கிற மணல் சூடாக இருந்தால் பிறக்கிற குஞ்சுகள் பெரும்பாலும் பெண், குளிர்ந்திருந்தால் ஆண். குடும்பத்தோடு வந்திருந்த ஒரு நகைக்கடைக்காரர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் மனைவிக்கு அப்போது நான்காம் மாதம். வீட்டில் ஏற்கெனவே இரண்டு பெண்.

மறுநாள் காலை மணிகண்டபிரபு போன் செய்தான். "அண்ணே, நேத்து என்ன சொன்னிய? ஒரு ஆளு விடியக்காலம் பொண்டாட்டியக் கொண்டாந்து அருவிக்குக் கீழ நிறுத்திக்கிட்டு வெளியவே விடமாட்டங்கான். கேட்டா, குளிர்ச்சிங்கான். அந்தப் பிள்ள நடுங்கிக்கிட்டு நிக்கி."

ரபீக் ஆட்டோவை எடுப்பதற்குள் ஹைருன் பீவி ஏறி உட்கார்ந்துவிட்டாள். அருவிக்குப் போய் அந்தப் பெண்ணைத் துண்டால் போர்த்திக் கூட்டிவந்து சிப்ஸ் கடை பெஞ்சில் உட்காரவைத்தாள். நகைக்கடைக்காரரைப் பார்த்து, குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள்:

"அது ஆமைக்குத்தான். மனுசருக்குக் கெடையாது. ஆம்பிளப் பிள்ளையா பொம்பளப் பிள்ளையாங்கது அப்பங்காரன் குடுக்கதுல இருக்கு. அதுவும் என்னைக்கோ முடிவாயாச்சு. குளிச்சே தீருவேன்னா நீரு போய்க் குளியும்."

பெரிய கூட்டத்தின் நடுவே இதைச் சொன்னதால் நல்ல பலன் கிடைக்கும் என்று அவள் எதிர்பார்த்தாள். பலன் கிடைத்தது. அந்த வாரம் முழுக்க, மகன் வேண்டும் என்று ஆசைப்பட்ட ஆண்கள் மார்கழிக் குளிரில் பல் அடித்துக்கொள்ள அருவிக்கு அடியில் வரிசையாக நின்றார்கள். பெண்டாட்டிகள் கரையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சிப்ஸ் தின்றார்கள். மூடத்தனம் ஒழியவில்லை, சுமக்கிற தோளாவது மாறியதே என்று ஹைருன் பீவி திருப்திப்பட்டாள்.

ஆனால் இன்னொரு பக்கம் காரியம் கைமீறியது. ஒரு குருசாமி, மண்ணை உற்றுப் பார்த்துவிட்டுக் கும்பிட்டு, "கூர்மம்," என்றார். ஒரே ஒரு சொல். மறுநாள் துவைக்கிற கல்லில் மஞ்சள் குங்குமம் இருந்தது. அதற்கு மறுநாள் எலுமிச்சம்பழம். ஹைருன் பீவி துணி துவைக்கத் தெருக்குழாயடிக்குப் போகவேண்டியதாயிற்று. அதே வாரத்தில் தேங்காய் விலை ஏறியது. ஆறுமுகநயினாரின் மகனுக்கு விசா வந்தது. முழங்கால் மட்டும் வலித்தது. அதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆறுமுகநயினார் வந்தார். இந்த முறை விளிம்பில் நிற்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கொல்லைக்குள் இறங்கி, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"வே ரபீக்கு. காலி பண்ணும்."

"அண்ணாச்சி, இப்ப எதுக்கு?"

"அன்னைக்கு கெட்டது இருந்துச்சு, காலி பண்ணச் சொன்னேன். இன்னைக்கு நல்லது இருக்கு. அந்த எடத்துல ஒரு கொட்டகை போடணும், பெறவு கோயிலாக் கட்டணும். கோயிலுக்குள்ள குடித்தனம் நடத்த முடியுமா? அதுலயும் நீரு..." என்று நிறுத்தினார்.

"நான்?"

"மீன் கொழம்பு வைக்கிய."

ஹைருன் பீவி மிஷினை நிறுத்தினாள். "அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். கெட்டதா இருக்கையில அது யாரத் தேடி வந்துச்சு?"

"ரபீக்கத் தேடி."

"இப்ப நல்லதா ஆனதும்?"

"என் வீட்டத் தேடி."

"வந்தது ஒரே ஆமைதான அண்ணாச்சி?"

"தாயி, இதுல எல்லாம் கேள்வி கேக்கப்படாது," என்றார் ஆறுமுகநயினார்.

கெட்ட சகுனம் என்றாலும் குடித்தனக்காரன் போகவேண்டும், நல்ல சகுனம் என்றாலும் குடித்தனக்காரன் போகவேண்டும். இந்த நாட்டில் சகுனங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன, போகிறவர்கள் மாறுவதில்லை. கெடுவும் அதே தைதான். ரபீக் மறுபடியும் வீடு தேடிப் புறப்பட்டார். இப்போது போகிற இடமெல்லாம் அவரை அடையாளம் தெரிந்திருந்தது. "ஆமை பாயா? ஆமை கூடவே வருமா?" என்று பாதிப் பேர் பயந்து கதவைச் சாத்தினார்கள். "ஆமையோட வாரதா இருந்தாத் தாரேன்," என்று மீதிப் பேர் சொன்னார்கள். ஆமை இல்லாத ரபீக்குக்கு வீடு தர யாரும் இல்லை. அதீபா மிஷினுக்கு அடியில் உட்கார்ந்து படித்தாள். வேறு எங்கே உட்கார்ந்தாலும் யாராவது பக்தர் வந்து விபூதி கொடுத்தார்.

மார்கழி முடிகிற சமயம் தகரக் கொட்டகை எழுந்தது. ஸ்பீக்கர் வந்தது. ஆறுமுகநயினார் தன் வீட்டு முகப்பிலிருந்து பின்வாசல் வரை சீரியல் லைட் போட்டார். பின்வாசல் நிலையில் மட்டும் ஒரு பெரிய போகஸ் லைட். கொல்லைப் பக்கம் முழுக்க இருட்டு; அவர் அடுப்படி வாசல் மட்டும் பகல். குஞ்சு வெளியே வருகிற நாள் நெருங்கிவிட்டதால் அன்றும் ஜனங்கள் கொல்லை ஓரத்தில் நெருக்கியடித்து நின்றார்கள். விளக்கு வைத்துச் சிறிது நேரம் ஆகியிருந்தது. மழை பெய்து ஓய்ந்த ஈரம். சங்கரேஸ்வரிதான் முதலில் பார்த்தாள்.

"அண்ணாச்சி! மண்ணு அசையுது!"

மண் பிளந்தது. முதலில் ஒரு சின்ன மூக்கு. பிறகு இரண்டு கால். ஐந்து ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு குஞ்சு எழுந்து மூச்சு வாங்கியது. அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று. "அரோகரா" என்றார் ஒருவர். ஆறுமுகநயினார் தேங்காயைத் தலைக்கு மேல் தூக்கினார்.

குஞ்சுகள் அவரைப் பார்க்கவில்லை. திரும்பி, போகஸ் லைட் எரிகிற பக்கம் நடந்தன.

ரபீக்குக்குப் புரிந்துவிட்டது. கடற்கரையில் ஹோட்டல் விளக்கைக் கண்டு, அதைக் கடலின் மினுமினுப்பு என்று எண்ணி, தார் ரோட்டுக்கு ஏறுகிற குஞ்சுகளை அவர் எத்தனையோ முறை பொறுக்கிக் கொண்டுவந்து விட்டிருக்கிறார். "லைட்ட அணைங்க! அண்ணாச்சி, லைட்ட!" என்று கத்தினார். ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு. யார் காதிலும் விழவில்லை. குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆறுமுகநயினாரின் அடுப்படியின் தாழ்வான படியில் ஏறின. தடுக்கி விழுந்தன. மறுபடி ஏறின. உள்ளே போயின.

பாட்டு நின்றது. வீட்டுக்குள்ளிருந்து சுகந்தி வெளியே ஓடி வந்தாள். "ஏங்க! வீட்டுக்குள்ள ஆமை!"

ஆறுமுகநயினார் தேங்காயைக் கீழே போட்டார். தெருவுக்கு ஓடினார். தெருவில் நின்று தன் வீட்டைப் பார்த்தார், போலீஸ் நுழைந்த வீட்டைப் பார்ப்பதுபோல்.

"ஏன் அண்ணாச்சி ஓடுதிய? சாமிதான வந்துருக்கு?" என்றாள் சங்கரேஸ்வரி.

"சாமின்னா கோயில்ல இருக்கணும். வீட்டுக்குள்ள எதுக்கு வருது?"

"அப்ப இது கெட்டதா?"

"அதான் தெரியமாட்டங்குது!" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஜோசியருக்குப் போன் போடுங்கடே!"

ஜோசியர் போனை எடுக்கவில்லை. அந்த மனிதருடைய வாழ்நாளில் அவர் செய்த அறிவுள்ள காரியம் அதுதான்.

ரபீக் ஒரு வாளியில் கொஞ்சம் ஈர மண்ணைப் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். கூட்டத்தைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தார், கூட்டம் நின்றது. காற்றை அமுக்கினார், தெருவே குந்தியது. அவர் படியேறப் போனபோது ஹைருன் பீவி குறுக்கே வந்து நின்றாள்.

"நில்லுங்க. அண்ணாச்சி, எடுத்துத் தாரோம். வீட்டப் பத்தி என்ன சொல்லுதிய?"

"இரு தாயி. எத்தன வருசம் வேணும்னாலும் இரு."

"ஏன் இருக்கச் சொல்லுதிய? மாசம் பொறந்தா வாடகை தாரோம், உங்க செவத்துல ஒரு ஆணி அடிச்சது கெடையாது, அதனாலன்னு சொல்லுங்க."

ஆறுமுகநயினார் விழித்தார். இந்தக் காரணம் அவருக்குப் புரியவே இல்லை. "ஆமைய வெளிய எடுக்க வேற ஆளு கெடையாதுல்லா, அதனால," என்றார்.

ஹைருன் பீவி வழிவிட்டாள். நியாயத்துக்காக நின்றால் விடியும் வரை நிற்கவேண்டும். உள்ளே குஞ்சுகள் இருந்தன.

அடுப்படி விளக்கையும் போகஸ் லைட்டையும் அணைத்து, சிவப்பு டார்ச்சோடு போன ரபீக் குஞ்சுகளைப் பொறுக்கினார். ஒன்று அரிசிப் பானைக்குப் பின்னால், ஒன்று காஸ் சிலிண்டருக்கு அடியில், ஒன்று பூஜை அறை வாசலில். அந்தக் கடைசிக் குஞ்சைப் பற்றி மட்டும் ஆறுமுகநயினாரிடம் அவர் சொல்லவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு வயலுக்கு அப்பால் இருந்த குளத்துக்கு நடந்தார். தெரு முழுதும் சத்தமில்லாமல் பின்னால் வந்தது. கரையில் சங்கரேஸ்வரி வாளிக்குள் கைவிட்டு ஒரு குஞ்சை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஏதோ நடக்கப்போகிறது என்று கண்ணை இறுக மூடிக் காத்திருந்தாள். பிறகு ஒரு கண்ணைத் திறந்தாள்.

"கூச்சங்காட்டுது பாய்," என்றாள்.

திரும்பி வந்தபோது ஆறுமுகநயினாரும் சுகந்தியும் ரபீக் வீட்டு வாசலில் நின்றிருந்தார்கள். அவர் கையில் ஒரு தலையணை.

"எங்க வீட்டுக்குள்ள இன்னும் ஒண்ணு ரெண்டு பதுங்கி இருக்குமோ என்னவோ. இந்தக் காம்பவுண்டுல இப்ப ஆமை வராத வீடு உம்ம வீடுதான். கொல்லைக்குத்தான வந்துச்சு, வீட்டுக்குள்ள வரலைல்லா?"

"அதத்தான் அண்ணாச்சி நான் முதல் நாளே சொன்னேன்," என்றார் ரபீக்.

ஜோசியர் மறுநாள் போனை எடுத்து, ஒரு மண்டலம் அந்த வீட்டில் தங்கக்கூடாது என்றார். ஆகவே ஆறுமுகநயினாரும் மனைவியும் தங்கள் குடித்தனக்காரர் வீட்டில் ஒரு அறையில் குடியிருந்தார்கள். மீன் குழம்பு வைக்கிற நாளில் சுகந்தி முதலில் மூக்கைப் பொத்தினாள், இரண்டாம் வாரம் எட்டிப் பார்த்தாள், மூன்றாம் வாரம் புளி இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றாள். பரீட்சை நெருங்கிவிட்டதால் வீட்டில் சத்தம் கூடாது என்று ஹைருன் பீவி சட்டம் போட்டாள். இருட்டிய பிறகு யாராவது உரக்கப் பேசினால் ரபீக் உள்ளங்கையால் காற்றை அமுக்குவார்; ஆறுமுகநயினார் சட்டென்று உட்கார்ந்துவிடுவார். அதீபா முன்வீட்டுக் கூடத்தில் தனியாக உட்கார்ந்து படித்தாள். அந்த வீட்டுக்குள் வர வேறு யாருக்கும் தைரியம் இல்லாததால், அவள் படிப்புக்கு இலஞ்சியிலேயே அதைவிட அமைதியான இடம் கிடையாது.